சந்தனம் வேறு, சந்தன வாசனை வேறு



பூஜைச் சாமான் அடுக்கு இல்லாத மளிகைக் கடை நம் வட்டாரத்தில் இல்லை. ஊதுபத்தி, சாம்பிராணி, கற்பூரம், குங்குமம், விபூதி, ஜவ்வாது இவற்றோடு சந்தனத் தூளும் சந்தன வில்லையும் அந்த அடுக்கில் இருக்கும். துவரம்பருப்பைக் கையில் அள்ளிப் பார்த்து, மிளகாய் வற்றலை ஒடித்துப் பார்த்து வாங்குகிற நாம், இந்த ஒரு அடுக்கிற்கு வரும் சரக்கை மட்டும் டப்பாவின் மேல் உள்ள படத்தைப் பார்த்து வாங்கி விடுகிறோம். அதனால் என்ன நேரும் என்பதை ஜெயமங்கலத்தில் உள்ள எங்கள் கடையிலேயே நாங்கள் கற்றுக்கொண்டோம்.

ஒரு மாசி மாதம். குலதெய்வக் கும்பிடுக்குப் புறப்பட்ட ஒரு குடும்பத்தார் பேரப் பிள்ளைக்கு மொட்டை போடப் போவதாகச் சொல்லி, தலையில் பூசச் சந்தனம் கேட்டார்கள். "அசல்தானே?" என்று கேட்டதற்கு, "அசல்தான், கொண்டுபோங்க" என்று சொல்லித்தான் கொடுத்தோம். மூன்றாம் நாள் அந்தப் பாட்டி கடைக்கு வந்தார். பிள்ளையின் தலை முழுவதும் சிவந்து தடித்து, இரவெல்லாம் அழுததாகச் சொன்னார். "அண்ணாச்சி, அசல்னு சொல்லித்தானே குடுத்தீங்க?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். சத்தம் போடவில்லை. டப்பாவைத் திருப்பிப் பார்த்தோம். என்ன சேர்த்திருக்கிறது என்று ஒரு வரி கூட அதில் இல்லை. மருத்துவரிடம் காட்டிச் சொல்லவும் ஒன்றுமில்லை. சரக்குக் கொடுத்தவரைக் கேட்டதற்கு, "பூஜைக்கு விக்கிற தூளுங்க அது, எல்லாரும் அதைத்தான் விக்கிறாங்க" என்றார்.

பிள்ளைக்கு நல்லவேளையாகச் சில நாளில் குணமாகி விட்டது. ஆனால் பாட்டி கேட்ட கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. நாங்கள் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் சொன்னோம். அந்தப் பதிலைத் தேடிப் படித்ததையும் விசாரித்ததையும் நம் உறுப்பினர்களுக்காக இங்கே தொகுத்துத் தருகிறோம்.

மரம் தரும் சந்தனம்

சந்தன மரம் தானாக முழு உணவும் தேடிக்கொள்ளாத மரம். தன் வேரைப் பக்கத்து மரம் செடிகளின் வேரோடு இணைத்து, அவற்றிலிருந்து சத்தை உறிஞ்சி வளரும். மணம் இருப்பது அதன் நடு வயிரத்திலும் வேரிலும்தான். வெளிச்சுற்றில் உள்ள வெள்ளைக் கட்டையில் மணம் இல்லை என்றே சொல்லலாம். வயிரம் பாய்ந்து நல்ல எண்ணெய் கட்டுவதற்குப் பதினைந்து, இருபது, முப்பது ஆண்டுகள் கூட ஆகும். அப்படி முதிர்ந்த கட்டை 100 கிலோவைத் தூளாக்கி நீராவியில் வடித்தால் கிடைக்கும் எண்ணெய் ஏறக்குறைய 5 கிலோ மட்டுமே.

இந்த எண்ணெய்க்கு மணம் தருவது சாண்டலால் என்னும் பொருள். உலகத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ. வகுத்த அளவின்படி, நம் நாட்டுச் சந்தன எண்ணெயில் ஆல்பா சாண்டலால் 41 முதல் 55 சதவீதமும், பீட்டா சாண்டலால் 16 முதல் 24 சதவீதமும் இருக்க வேண்டும்.

இம்மரத்தின் மதிப்பை ஆட்சியாளர்கள் எப்போதும் அறிந்திருந்தனர். 1792-ல் திப்பு சுல்தான் இதை அரசுக்கே உரிய மரம் என்று அறிவித்தார். முதல் உலகப் போரில் ஐரோப்பாவுக்குக் கட்டை ஏற்றுமதி தடைப்பட்டபோது, மைசூர் சமஸ்தானம் 1916-ல் தானே எண்ணெய் வடிக்கும் ஆலையைத் தொடங்கியது. அந்த எண்ணெயைக் கொண்டு உருவானதே நாம் இன்றும் விற்கும் மைசூர் சாண்டல் சோப்பு. தமிழ்நாட்டில் ஜவ்வாது மலையும் சத்தியமங்கலம் காடுகளும் சந்தனத்திற்குப் பெயர் பெற்றவை. திருப்பத்தூரில் உள்ள அரசுச் சந்தனக் கிடங்கில் கட்டை ஏலம் விடப்படுகிறது. நமக்குப் பக்கம் என்று பார்த்தால், போடிமெட்டு ஏறி மூணாறு கடந்தால் மறையூர்ச் சந்தனக் காடு. அங்கே கேரள வனத்துறை ஏலம் நடத்துகிறது.

அளவுக்கு மீறி வெட்டியதாலும் கடத்தலாலும் காட்டுச் சந்தனம் வெகுவாகக் குறைந்து போயிற்று. 1998 முதல் இது அழியும் ஆபத்துக்கு உள்ளாகக்கூடிய இனங்களின் உலகப் பட்டியலில் இருக்கிறது. சொந்த நிலத்தில் வளரும் சந்தனத்திற்கு உரிமையாளருக்கு உரிமை தரும் வகையில் கர்நாடகம் 2001-லும் தமிழ்நாடு 2002-லும் சட்டத்தைத் திருத்தின. ஆனாலும் வெட்டவும் கொண்டுசெல்லவும் வனத்துறையின் அனுமதி வேண்டும். இன்று நட்ட கன்று மணம் தர ஒரு தலைமுறை காத்திருக்க வேண்டும்.

ஆலை தரும் சந்தன வாசனை

மரம் குறைந்தது, தேவை குறையவில்லை. சோப்பு, பவுடர், ஊதுபத்தி, அத்தர் என்று சந்தன மணம் கேட்கும் சரக்குகள் பெருகிக்கொண்டே இருந்தன. சாண்டலாலையே ஆலையில் கட்டி எழுப்ப வேதியியலார் வழி கண்டார்கள். ஆனால் அந்த வழி மரத்து எண்ணெயை விட மலிவாக முடியவில்லை. எனவே வேறொரு பாதையில் போனார்கள். சாண்டலால் அல்லாத, ஆனால் மூக்கிற்குச் சந்தனம் போலவே தோன்றும் புதிய பொருள்களை உண்டாக்கினார்கள்.

இதற்கு மூலப்பொருள் எது தெரியுமா? பெயின்டுக் கடையில் விற்கும் டர்பன்டைன்தான். பைன் மரத்துப் பிசினை வடித்தால் டர்பன்டைன் கிடைக்கும். அதில் பெரும்பகுதி பைனீன் என்னும் பொருள். பைனீனிலிருந்து காம்போலினிக் ஆல்டிஹைடு என்ற இடைப்பொருளைச் செய்து, அதை வேறு சில பொருள்களோடு சேர்த்தால் சந்தன மணம் தரும் சரக்குகள் உருவாகின்றன. சுவிட்சர்லாந்தின் கிவோடான் நிறுவனம் 1970-களில் கொண்டுவந்த சாண்டலோர், பின்னர் வந்த எபனால், அமெரிக்க நிறுவனமான ஐ.எஃப்.எஃப்.-இன் பாக்டனால், ஃபிர்மெனிச்சின் பாலிசாண்டால் ஆகியவை எல்லாம் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. 1990-களின் இறுதியில் கிவோடான் உருவாக்கிய ஜாவனால் இவற்றுள் மிகவும் வீரியமானது. மிகச் சிறிதளவே போதும். மணம் நெடுநேரம் நிற்கும்.

இவற்றை விட மலிவான இன்னொரு வகையும் உண்டு. பைனீனைக் காம்ஃபீன் ஆக்கி, அதைக் குவயக்கால் என்னும் பொருளோடு சேர்த்துச் செய்வது. சோப்பிலும் ஊதுபத்தியிலும் பெருமளவு போவது இது போன்ற மலிவுச் சரக்கே. மரம் ஒரு தலைமுறையில் தருவதை ஆலை சில நாட்களில் தந்து விடுகிறது. விலை வித்தியாசத்தின் காரணம் இதுவே.

2020-ல் இன்னொரு வழியும் சந்தைக்கு வந்தது. நுண்ணுயிரைக் கொண்டு, மாவைப் புளிக்க வைப்பதுபோல நொதிக்கச் செய்து, சாண்டலாலையே எடுக்கும் முறை அது. ஆகவே இனி "சந்தன மணம்" என்ற ஒரே சொல்லுக்குள் மரத்து எண்ணெய், நொதித்து எடுத்தது, டர்பன்டைனிலிருந்து செய்தது என்று மூன்று சரக்குகள் இருக்கின்றன.

கற்பூரம் சொல்லும் பாடம்

"அப்படியானால் ஆலையில் செய்த வாசனை எல்லாம் போலியா?" என்று நம்மில் சிலர் கேட்கலாம். இதற்குப் பதில் அதே அடுக்கில் பக்கத்து டப்பாவில் இருக்கிறது.

கற்பூரம் ஒரு காலத்தில் மரத்திலிருந்தே வந்தது. தைவான் தீவின் கற்பூர மரங்களை வெட்டி வடித்து, அந்நாளில் அத்தீவை ஆண்ட ஜப்பான் உலகிற்கெல்லாம் விற்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டர்பன்டைனிலிருந்து கற்பூரம் செய்யும் முறை ஐரோப்பாவில் தொழிலாக வளர்ந்தது. இன்று நாம் விற்கும் கட்டிக் கற்பூரம் பெரும்பாலும் இவ்வாறு செய்ததே. நம் மாநிலத்தில் காஞ்சிபுரத்தில் உள்ள காஞ்சி கற்பூரம் நிறுவனமும் பைனீனிலிருந்துதான் கற்பூரம் செய்கிறது. பைனீன் காம்ஃபீன் ஆகி, பிறகு கற்பூரம் ஆகிறது. மேலே சொன்ன மலிவுச் சந்தன வாசனையும் அதே காம்ஃபீனிலிருந்தே பிரிகிறது. அதாவது நம் கடையில் அடுத்தடுத்து இருக்கும் கற்பூர டப்பாவும் சந்தன ஊதுபத்தியும் ஒரே பிசினில் பிறந்த பங்காளிகள்!

ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். ஆலையில் செய்த கற்பூரமும் மரத்துக் கற்பூரமும் பொருளால் ஒன்றே. சந்தன வாசனை அப்படியன்று. சாண்டலோரோ ஜாவனாலோ சாண்டலால் ஆகாது. மணத்தில் ஒத்திருக்கும், பொருளால் வேறு. கட்டிக் கற்பூரத்தைப் பொதுவாக யாரும் "மரத்தில் வடித்தது" என்று சொல்லி விற்பதில்லை. வாங்குகிறவரும் அப்படி நினைத்து வாங்குவதில்லை. சந்தனத்தில்தான் மரத்தின் படத்தைப் போட்டு ஆலையின் சரக்கை விற்கும் வழக்கம் வந்து விட்டது.

ஆலை வாசனை குற்றமன்று. அது இல்லாவிட்டால் சாதாரணக் குடும்பம் சந்தன ஊதுபத்தி ஏற்ற முடியாது. மிச்சமிருக்கும் காட்டு மரங்களும் மிஞ்சியிருக்க மாட்டா. குற்றம் பெயரை மாற்றிச் சொல்வதிலும், எரிப்பதற்குச் செய்த சரக்கைப் பூசுவதற்குக் கொடுப்பதிலும் இருக்கிறது.

எரிப்பதற்கு வேறு, பூசுவதற்கு வேறு

வாசனைத் தொழிலாரின் உலக அமைப்பான இஃப்ரா, ஒரு வாசனைப் பொருளை எந்தச் சரக்கில் எவ்வளவு சேர்க்கலாம் என்று தனித்தனியாக வரம்பு வைத்திருக்கிறது. தோலில் தங்கும் பூச்சுக்கு ஒரு வரம்பு. கழுவி விடும் சோப்புக்கு ஒரு வரம்பு. தோலிலேயே படாத ஊதுபத்திக்கு வேறு. ஊதுபத்திக்கான வாசனையை டி.இ.பி. போன்ற திரவத்தில் கலந்து பத்தியை நனைப்பது வழக்கம். அந்தக் கலவையை மரத்தூளிலோ மாவிலோ கலந்து, மஞ்சள் சாயமும் ஏற்றினால் "சந்தனத் தூள்" ஆகி விடும். படத்திற்குப் பொட்டு வைக்க அது போதும். அப்போதுதான் சவரக் கத்தி பட்ட குழந்தையின் தலைக்கு அது ஆகாது.

வாயில் போடும் பொருளுக்கு இன்னும் கண்டிப்பு வேண்டும். சந்தன சர்பத் செய்ய, வைத்தியத்திற்கு என்று கேட்டு வருவோருக்குப் பூஜைத் தூளையோ வாசனை எண்ணெயையோ ஒருபோதும் கொடுக்கக் கூடாது. சித்த மருந்துக் கடைக்கு அனுப்பி விடுவதே முறை.

கடைக்காரரின் கணக்கு

அசலா இல்லையா என்று அறிய நமக்கு ஆய்வுக்கூடம் வேண்டாம். முதல் சோதனை கணக்குதான். ஏலத்தில் நல்ல வகைச் சந்தனக் கட்டை கிலோ பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் போகிறது. பத்தாயிரம் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு கிராம் பத்து ரூபாய். 50 கிராம் தூளுக்குக் கட்டையின் விலை மட்டும் 500 ரூபாய். அரைக்கும் கூலி, டப்பா, வண்டிச் சத்தம், வரி, மொத்த வியாபாரி லாபம், நம் லாபம் இவை தனி. அந்த 50 கிராம் டப்பா நமக்கு நாற்பது ரூபாய்க்கு வருமானால் உள்ளே இருப்பது நல்ல வயிரத்தின் தூள் அன்று என்பதைப் பள்ளிப் பிள்ளையும் சொல்லி விடும். எண்ணெய் எடுத்த சக்கைத் தூள், வெள்ளைக் கட்டைத் தூள், வேறு மரத்தூள் ஆகியவற்றில் ஒன்றாக இருக்கும். மணம் மேலே ஏற்றியதாக இருக்கும்.

இரண்டாவது, நிறம். நல்ல சந்தனத் தூள் வெளிறிய பழுப்பு மஞ்சளாக இருக்கும். கண்ணைப் பறிக்கும் மஞ்சள் என்றால் சாயத்தைச் சந்தேகிக்கலாம். சிவப்பாக இருக்கும் செஞ்சந்தனம் முற்றிலும் வேறு மரம். அதற்குச் சந்தன மணமே கிடையாது.

மூக்கை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். மணத்தைப் போலச் செய்வதுதானே ஆலைச் சரக்கின் வேலையே! கல்லில் உரைத்துப் பார்ப்பது, கொளுத்திப் பார்ப்பது போன்றவை கட்டைக்குப் பயன்படலாம். வாசனை ஏற்றிய தூளில் ஏமாற்றி விடும். எண்ணெயை மொத்தமாக வாங்குவோர் ஆய்வுச் சான்று கேட்டுச் சாண்டலால் அளவைப் பார்த்து வாங்க வேண்டும். உத்தரப் பிரதேசத்தில் கன்னோஜ் நகரில் உள்ள மத்திய அரசின் வாசனைப் பொருள் மேம்பாட்டு மையம் இத்தகைய ஆய்வு செய்து தருகிறது.

கொள்முதலில் கேட்க வேண்டியவை

1. "இது பூஜைக்கா, உடம்பில் பூசவா?" என்று சரக்குத் தருபவரிடம் கேட்டு, பதிலைப் பில்லில் எழுதி வாங்குங்கள். வாயால் சொல்பவர் எழுதத் தயங்கினால் அதுவே பதில்.

2. பூசும் சரக்கு என்றால் அது அழகுசாதனப் பொருள். 1940-ஆம் ஆண்டுச் சட்டமும் 2020-ஆம் ஆண்டு விதிகளும் அதற்குப் பொருந்தும். உற்பத்தி உரிம எண்ணும் சேர்மானப் பட்டியலும் லேபிளில் இருக்க வேண்டும். இல்லையேல் பூச்சுச் சரக்காக விற்காதீர்கள்.

3. தயாரித்தவர் பெயர் முகவரி, நிகர எடை, தயாரித்த மாதம் ஆண்டு, அதிகபட்ச விலை, புகார் தெரிவிக்கும் முகவரி ஆகியவை 2011-ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருள் விதிகளின்படி அவசியம். இவை இல்லாத டப்பா கடைக்குள் வரவே வேண்டாம்.

4. சந்தனக் கட்டை யாராவது கொண்டுவந்து மலிவாகத் தந்தால் தொடாதீர்கள். பில்லும் வனத்துறை ஆவணமும் இல்லாத கட்டை லாபம் தராது, வழக்குத்தான் தரும்.

வாய்ச் சொல்லும் விளம்பரமே

இதை நம் உறுப்பினர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், ஒரு சரக்கின் தரம், சேர்மானம் பற்றிப் பொய்யாகச் சொல்வதை முறையற்ற வணிக நடவடிக்கை என்கிறது. எழுதியது மட்டுமல்ல, வாயால் சொன்னதும் இதில் அடங்கும். டப்பாவில் "சந்தன மணம்" என்று மட்டும் அச்சடித்திருக்க, நாம் கல்லாவிலிருந்து "அசல்தான்" என்று சொன்னால், பொய் தயாரிப்பாளருடையது அன்று; நம்முடையது. தயாரிப்பாளர் சாமர்த்தியமாகச் சொல்லாமல் விட்ட சொல்லை நாம் இலவசமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் கடையில் இப்போது பூஜைக்கு ஒரு தட்டு, பூச்சுக்கு ஒரு தட்டு என்று பிரித்து விட்டோம். கேட்பவர்களிடம், "இது வாசனைச் சந்தனம்மா. சாமிக்கு வைக்க நல்லது. பிள்ளை தலைக்கு வேண்டாம்" என்று சொல்லிக் கொடுக்கிறோம். கல்யாண வீட்டார் தாம்பாளத்தில் வைக்கக் கேட்டால், விருந்தினர் கையில் தொட்டுப் பூசிக்கொள்வார்கள் என்பதால் பூச்சுத் தட்டிலிருந்தே எடுத்துத் தருகிறோம். சபரிமலை சீசனில் குமுளி வழியாகப் போகும் சாமிமார்கள் நெற்றிக்கும் மார்புக்கும் பூசுகிறார்கள், அவர்களுக்கும் அப்படியே.

இதனால் விற்பனை குறையவில்லை என்று சொன்னால் அது பொய்யாகும். முதல் வருடம் குறையத்தான் செய்தது. பக்கத்துக் கடையில் "அசல்" மலிவாகக் கிடைக்கும்போது நம்மிடம் ஏன் வருவார்கள்? ஆனால் அந்தப் பாட்டி இப்போதும் மாதச் சாமான் எங்களிடம்தான் வாங்குகிறார். அடுத்த பேத்திக்குக் காது குத்தும்போது, "எதைப் பூசலாம், நீங்களே சொல்லுங்க" என்று கேட்டு வாங்கிப் போனார். அந்தக் கேள்வியைக் கேட்க வைப்பதுதான் மளிகைக் கடையின் மூலதனம்.

நினைவிற் கொள்க

சந்தன வாசனை விற்கலாம். சந்தனம் என்று சொல்லி விற்கக் கூடாது.

எரிக்கும் சரக்கைப் பூசக் கொடுக்கக் கூடாது. பூசும் சரக்கை உண்ணக் கொடுக்கக் கூடாது.

விலை கணக்கிற்கு ஒத்துவராவிட்டால் "அசல்" என்ற சொல்லை நாக்கில் வைக்கக் கூடாது.

தெரியாததைத் "தெரியாது" என்று சொல்வதால் எந்தக் கடையும் மூடியதில்லை. இன்று கடை பூட்டும் முன் உங்கள் பூஜைச் சாமான் அடுக்கில் உள்ள சந்தன டப்பா ஒவ்வொன்றையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறதோ, நாளை காலை முதல் அதை மட்டும் சொல்லி விற்போம்.